பூவராகவன் உயிரோடு இருப்பதற்கான படிவம்

செஞ்சி பஜாரில் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கும் பூவராகவன், சித்திரை மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலை பத்தே கால் மணிக்கு இறந்துபோனார். அப்போது அவர் கடையில் ஒரு அம்மாளுக்குக் கற்பூரம் எடை போட்டுக்கொண்டிருந்ததால் விஷயம் அவருக்கு உடனே தெரியவில்லை.

நடந்தது இதுதான். அன்று காலை அவர் வீட்டு பிரிட்ஜ் நின்றுவிட்டது. கதவைத் திறந்தால் பல்பு எரிந்தது. உள்ளே குளிர்ச்சி இல்லை. பின்பக்கம் எப்போதும் கேட்கும் உறுமலும் இல்லை. அதற்குப் பதிலாகச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. யாரோ பரிதாபப்பட்டு நாக்கைத் தட்டுவது போல இருந்தது அது.

அவர் மனைவி ஞானம்பாளுக்குச் சர்க்கரை வியாதி. ஒரு மாதத்துக்கான இன்சுலின் குப்பிகள் அந்த பிரிட்ஜின் நடுத்தட்டில், கொத்தமல்லிக் கட்டுக்குப் பக்கத்தில் இருந்தன. சித்திரையில் செஞ்சிப் பாறைகள் பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, பொழுது போனபின் அதை ஊருக்குத் திருப்பிக் கொடுக்கும். அந்தச் சூட்டில் இன்சுலின் கெட்டுவிடும் என்பது ஞானம்பாளுக்குத் தெரியும். குப்பிகளை எடுத்து, ஈர மணல் போட்ட பானைக்குள் வைத்துவிட்டு, உத்தரவாத அட்டையில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தாள். அது பனிமலர் என்ற கம்பெனியின் பிரிட்ஜ். உத்தரவாதம் முடிய இன்னும் எட்டு மாதம் இருந்தது.

அவளுடைய அழைப்பு தங்களுக்கு மிக முக்கியம் என்று பதினொரு முறை சொன்ன பிறகு ஒரு பெண் பேசினாள்.

"பனிமலர் குடும்பத்துக்கு உங்களை வரவேற்கிறோம். என்ன பிரச்சினை, அம்மா?"

"செத்துப்போச்சும்மா."

எங்கள் ஊரில் மின்விசிறி நின்றாலும் செத்துப்போச்சு, கடிகாரம் நின்றாலும் செத்துப்போச்சு என்போம். வாய்நிறையச் சொல்லிவிட்டு அடுத்த நிமிடம் சாப்பிட உட்கார்ந்துவிடுவோம். அந்தப் பெண் எந்த ஊரில் இருந்து பேசினாளோ, பாவம், அவளுக்கு இது தெரியவில்லை.

"யார் பெயரில் இருக்கிறது?"

"எங்க வூட்டுக்காரரு பேருல. பூவராகவன்."

"எப்போது நடந்தது, அம்மா?"

"நேத்து கூட நல்லா இருந்துது. காலையில எழுந்து பாக்கறேன், பேச்சு மூச்சு இல்ல."

"பிரிட்ஜில் பல்பு எரிகிறதா?"

"பல்பெல்லாம் நல்லாத்தான் எரியுது."

பல்பு எரிந்தால் பிரிட்ஜ் உயிரோடு இருக்கிறது என்பது பனிமலர் கம்பெனியின் முதல் விதி. பிரிட்ஜ் உயிரோடு இருக்கிறதென்றால் செத்தது யார்? எவர் பெயரில் இருக்கிறதோ, அவர்தான். அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தைரியமாக இருங்கள், அம்மா" என்று சொல்லி வைத்துவிட்டாள். ஞானம்பாளுக்கு மனம் நிறைந்துவிட்டது. ஒரு பிரிட்ஜுக்காக இவ்வளவு வருத்தப்படுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டாள்.

மதியம் பூவராகவன் சாப்பிட வந்தபோது அவள் போனைப் பார்த்தபடி ரசம் ஊற்றினாள்.

"இன்னாங்க, நீங்க செத்துட்டீங்களாம்."

"எப்ப?"

"காலையில பத்தே காலுக்கு."

"அப்ப நான் கடையிலதான இருந்தேன்!"

குறுஞ்செய்தியில் எல்லாம் தெளிவாக இருந்தது. திரு. பூவராகவன் அவர்களின் மறைவுக்குப் பனிமலர் குடும்பம் ஆழ்ந்த இரங்கலைத் தெரிவித்துக்கொள்கிறது. தங்கள் புகார் 'உரிமை மாற்றம்' பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது. இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் கிடைத்ததும் பழுது கவனிக்கப்படும். எங்கள் சேவை தங்களுக்குத் திருப்தியளித்ததா?

பூவராகவன் உடனே அந்த எண்ணைக் கூப்பிட்டார்.

"நான்தாங்க பூவராகவன் பேசறேன்."

"மன்னிக்கவும், ஐயா. பதிவின்படி அவர் தவறிவிட்டார். அவருக்கு நீங்கள் என்ன உறவு?"

"நெருங்கின உறவுதாம்மா" என்றார்.

அன்று மாலை, பிரிட்ஜ் நின்ற சேதி கேட்டுப் பக்கத்து வீட்டு மீனம்பாள் வந்தாள். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஆறு வருஷமாக அடுத்தடுத்த வீடுதான். கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று அவளும், இந்தப் பக்கம் நின்று இவர்களும் சிரித்துக்கொள்வார்கள். அதற்கு மேல் ஒரு கிண்ணம் குழம்பு கூட இங்கிருந்து அங்கே போனதில்லை, அங்கிருந்து இங்கே வந்ததும் இல்லை. அங்கே மீன் குழம்பு வைப்பார்கள் என்பது காரணம் என்று பூவராகவன் நினைத்துக்கொண்டிருந்தார். அதற்கும் உள்ளே வேறு ஒரு காரணம் இருந்தது. அதை அவர் எடுத்துப் பார்த்ததில்லை.

மீனம்பாள் பானையைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்தாள்.

"இன்னாக்கா இது, மருந்தப் போயி மணல்ல நட்டு வெச்சிருக்கீங்க? மொளைக்கவா போவுது? எங்க வூட்டு பிரிட்ஜு எதுக்கு இருக்குது?"

ஞானம்பாள் கணவனைப் பார்த்தாள். பூவராகவன் சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்தார்.

மீனம்பாள் சிரித்தாள். "மீன் கொழம்ப எடுத்து வெளிய வெச்சிட்டு, உள்ள சோடா உப்பு போட்டுத் தொடைச்சிட்டுத்தான் வந்தேன். ஒரு வாடையும் வராது. குடுங்க, நடுத்தட்டுல வெக்கறேன். ஐஸ் பொட்டியில வெக்கக் கூடாது, கதவுலயும் வாணாம்."

கேட்பதற்கு முன்பே துடைத்து வைத்துவிட்டு வந்திருக்கிறாள். பூவராகவனுக்குத் தலை தானாகக் குனிந்தது. குப்பிகளை அவரே எடுத்துக் கொடுத்தார்.

"ஒண்ணுதான் கஷ்டம்" என்றாள் மீனம்பாள். "எனக்கு மேல்மலையனூருக்கு டிரான்ஸ்பர் ஆயிடுச்சுக்கா. வெள்ளிக்கெழம வூட்ட காலி பண்றோம். பிரிட்ஜும் வண்டியேறிடும். அதுக்குள்ள உங்களுத சரி பண்ணிடுங்க."

மறுநாள் பூவராகவன் கடையைச் சாத்திவிட்டுப் பனிமலர் சேவை மையத்துக்குப் போனார். போகிற வழியில் சிங்கவரம் மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டார். அங்கே ரங்கநாதர் படுத்தபடியே உலகத்தைக் கவனித்துக்கொள்கிறார். பனிமலர் சேவை மையமும் அந்த நிலையைத்தான் அடைந்திருந்தது. கவனிப்பதை மட்டும் விட்டுவிட்டது.

வாசலில் 'வாடிக்கையாளர் மகிழ்ச்சி வாரம்' என்று பலூன் கட்டியிருந்தார்கள். உள்ளே பெரிய பிரிட்ஜ் ஒன்று கதவு திறந்து நின்றது. அதன் தட்டுகளில் புகார்க் கோப்புகளை வருஷவாரியாக அடுக்கியிருந்தார்கள். காய்கறி டப்பாவில் ரப்பர் முத்திரைகள் இருந்தன. மேலாளர் தேவேந்திரன் டை கட்டிக்கொண்டு வேர்த்துக் கொட்டியபடி எழுந்து வரவேற்றார். அவரிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. மிகவும் மரியாதையான மனிதர்.

"உக்காருங்க சார். முதல்ல என் இரங்கலைத் தெரிவிச்சிக்கறேன்."

"சார், செத்தது நான் இல்ல. இதோ உங்க எதிர்ல உக்காந்திருக்கேன்."

"எனக்குத் தெரியுது சார். தனிப்பட்ட முறையில நான் உங்களை உயிரோடதான் பாக்கறேன். ஆனா சிஸ்டம் பாக்கணும் இல்ல?"

"சிஸ்டத்துக்கு எப்பிடிக் காட்றது?"

தேவேந்திரன் ஒரு தாளை எடுத்து வைத்தார். அது வாடிக்கையாளர் உயிரோடு இருப்பதற்கான படிவம். கீழே வாரிசு கையெழுத்துப் போட வேண்டும். வாரிசு என்பதற்கு வாரிசுச் சான்றிதழ் இணைக்க வேண்டும். வாரிசுச் சான்றிதழுக்கு இறப்புச் சான்றிதழ் வேண்டும்.

பூவராகவன் அந்தத் தாளை இரண்டு முறை படித்தார். "அப்ப நான் உயிரோட இருக்கேன்னு சொல்லணும்னா மொதல்ல நான் சாவணும்?"

"படிப்படியாப் போகணும் சார். அவசரப்பட்டா எதுவும் நடக்காது."

"வெள்ளிக்கெழமைக்குள்ள பிரிட்ஜு ஓடலைன்னா என் சம்சாரத்தோட மருந்து கெட்டுப்போயிடும். வெளியில ஒரு மெக்கானிக்கை வெச்சுப் பாத்துக்கட்டுமா?"

தேவேந்திரன் காதைப் பொத்திக்கொள்ளாத குறை. "பின்னாடி வெள்ளி ஸ்டிக்கர் ஒண்ணு ஒட்டியிருக்கு பாருங்க, அது கிழிஞ்சா உத்தரவாதம் ரத்து. கிழிச்சது எங்க ஆளா இருந்தா அன்னைக்கே வேலை போயிடும். நீங்க அட்டையில கையெழுத்துப் போட்டிருக்கீங்க சார்."

பூவராகவன் கையெழுத்துப் போட்டது உண்மை. போட்ட கையெழுத்தை மறுக்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

அவர் முகம் வாடியதைப் பார்த்துத் தேவேந்திரன் உருகிவிட்டார். "சார், எங்க கம்பெனிக்கு வாடிக்கையாளர்தான் தெய்வம். தெய்வத்தை நாம கிட்டப் போய் தொட்டுட்டு இருக்கோமா? தூர நின்னு கும்பிடறோம். அந்த மரியாதையைத்தான் உங்களுக்கும் தர்றோம். முன்னாடியெல்லாம் பிரிட்ஜ் கெட்டுப்போச்சுன்னா ஒரு ஆளை அனுப்புவாங்க. அவன் போய் சரி பண்ணிட்டு வந்துடுவான். அவ்வளவுதான்! அதுல ஒரு முறை உண்டா? ஒரு அறிக்கை உண்டா? போன மாசம் நாங்க நானூறு புகாரை முடிச்சிருக்கோம். எங்க ஆள் ஒருத்தர்கூட ஒரு பிரிட்ஜையும் தொடலை. அதுக்குத்தான் இந்தக் கேடயம்."

கேடயம் நன்றாக மின்னியது. பூவராகவன் அதையும் கும்பிட்டுவிட்டு வந்தார்.

வியாழக்கிழமை காலை, நிறுவனத்தின் நீலச் சட்டை போட்ட ஒருவர் வந்தார். பெயர் தங்கராசு. ஊர் தளவானூர். கையில் கருவிப் பெட்டி இருந்தது. ஞானம்பாள் சந்தோஷமாக பிரிட்ஜைக் காட்டினாள். அவர் பெட்டியைத் திறக்காமல் ஒரு டேப்லட்டைத் திறந்தார்.

"நான் ரிப்பேருக்கு வரலீங்கம்மா. சாவ சரிபாக்க வந்தேன்."

கேள்விகள் திரையில் வரிசையாக வந்தன. இறந்தவரின் புகைப்படம் வேண்டும் என்றது. பூவராகவன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார, தங்கராசு கண்ணைத் தாழ்த்திக்கொண்டு படம் பிடித்தார். இறந்தவர் ஆய்வுக்கு ஒத்துழைத்தாரா என்று அடுத்த கேள்வி.

"ஆமான்னு போடுப்பா" என்றார் பூவராகவன்.

அப்போது பிரிட்ஜின் பின்னாலிருந்து 'டிக்' என்றது. தங்கராசுவின் தலை அந்தப் பக்கம் திரும்பியது. அழும் குழந்தையின் சத்தம் கேட்ட ஆஸ்பத்திரி ஆயம்மா போல அவர் உடம்பே திரும்பியது.

"ரிலே..." என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "நான் ஒண்ணும் சொல்லலீங்க. சாவுப் புகார்ல வந்தவன் ரிப்பேரு பேசக் கூடாது."

ஞானம்பாள் மோர் கொண்டுவந்தாள். "சில்லுனு இல்லப்பா. கோச்சிக்காத."

தங்கராசு மோரைக் குடித்தார். ஓரத்தில் காலியாக இருந்த மணல் பானையைப் பார்த்தார். அது எதற்கு என்று கேட்டார். அவள் சொன்னாள். அவர் வேறெதுவும் கேட்கவில்லை. டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விட்டார்.

"நல்ல மனுசன்" என்றாள் ஞானம்பாள்.

"இருக்கட்டும். பிரிட்ஜு ஓடலையே" என்றார் பூவராகவன்.

மாலை ஐந்தரை மணிக்கு வாசலில் அதே வண்டி வந்து நின்றது. தங்கராசு கட்டம் போட்ட சட்டையில் இருந்தார். நீலச் சட்டையை மடித்து வண்டிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருந்தார்.

"டூட்டி முடிஞ்சிடுச்சு. இப்ப நான் கம்பெனி ஆளு இல்ல. தண்ணி குடிக்கலாம்னு வந்தேன்."

பிரிட்ஜைத் திருப்பி, பிளக்கைப் பிடுங்கி வைத்தார். பின்பக்கத் தகட்டின் மேல் வெள்ளி ஸ்டிக்கர் பளபளத்தது. திருப்புளியை அவர் பூவராகவனிடம் நீட்டினார். "இத நான் கிழிச்சா என் வேல போயிடும். நீங்க கிழிச்சா உங்க வாரண்டி போயிடும். உங்க பொருளு. யோசிச்சிக்குங்க."

பூவராகவன் ஸ்டிக்கரைப் பார்த்தார். அட்டையில் போட்ட கையெழுத்து நினைவுக்கு வந்தது. வெள்ளிக்கிழமையும் நினைவுக்கு வந்தது.

"நானா, ஸ்டிக்கரா, சொல்லிடுங்க" என்றாள் ஞானம்பாள்.

அவர் "ரங்கநாதா" என்று சொல்லிக் கிழித்தார். வானம் இடியவில்லை. தகட்டைக் கழற்றியதும் உள்ளே கறுப்பாகக் கவிழ்த்த சட்டி போல ஒன்று உட்கார்ந்திருந்தது.

"இதான் கம்ப்ரசரு" என்றார் தங்கராசு. "கேஸ அழுத்தித் தள்றது இதான். அந்தக் கேஸு பின்னாடி இருக்குற இந்தக் கம்பிக் குழாய்ல ஓடி சூட்ட வெளிய வுடும். அப்பறம் மெல்லிசு குழாய் வழியா உள்ள போயி, உள்ள இருக்குற சூட்ட வாங்கினு திரும்பி வரும். பிரிட்ஜு குளுர உண்டு பண்றது இல்லீங்க. உள்ள இருக்குற சூட்ட வாங்கினு வந்து வெளிய வுடுது, அவ்ளோதான்."

"வேற ஒண்ணும் பண்றது இல்லியா?"

"வேற இன்னா வேணும்?"

அடுத்தவர் சூட்டை வாங்கிக்கொள்வது. சோடா உப்புப் போட்டுத் துடைத்த ஒரு நடுத்தட்டு பூவராகவனின் நினைவுக்கு வந்தது.

தங்கராசு கம்ப்ரசரின் பக்கவாட்டில் இருந்து தீப்பெட்டி அளவு டப்பா ஒன்றைப் பிடுங்கிக் காதருகே ஆட்டினார். உள்ளே உடைந்த சில்லு கலகலவென்றது.

"இது ரிலே. வண்டி ஸ்டார்ட் ஆவலைன்னா பின்னாடி இருந்து ஒரு தள்ளு தள்ளுவோம் இல்ல, அந்த வேல. கெளம்பினதும் கைய எடுத்துடும். இது ஒடஞ்சி போச்சு. தள்ள ஆளு இல்லாம கம்ப்ரசரு முக்கி முக்கி சூடாவுது. சூடானதும் இந்தப் பக்கம் இருக்குற ஓவர்லோடு 'டிக்'குனு கரண்ட்ட நிறுத்திடுது. அது நிறுத்தலன்னா கம்ப்ரசரே வெந்து போயிருக்கும். மூணு நாளா அதான் கத்தினு இருந்துது."

வரும் வழியில் பஜாரிலேயே வாங்கி வந்த புது ரிலேயைச் சட்டைப் பையில் இருந்து எடுத்துப் பொருத்தினார். குழாய்களில் அடைந்திருந்த தூசியைப் பழைய பிரஷ்ஷால் தட்டினார். கதவு ரப்பரைத் துடைத்தார். பிளக்கைச் சொருகினார்.

பிரிட்ஜ் ஒருமுறை உடம்பை உதறிக்கொண்டு உறுமத் தொடங்கியது.

"உசுரு வந்துடுச்சு!" என்று கத்தினாள் ஞானம்பாள்.

"மெதுவா சொல்லு" என்றார் பூவராகவன். "கம்பெனி காதுல வுழுந்தா அதுக்கு ஒரு படிவம் வரும்."

தங்கராசு எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. வற்புறுத்தியதில் தன் அம்மாவுக்கென்று ஒரு பொட்டலம் கற்பூரம் மட்டும் எடுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை மீனம்பாள் வீட்டுச் சாமான்கள் வண்டியேறின. அவள் குப்பிகளைக் கொண்டுவந்து நடுத்தட்டில் வைத்து, உள்ளே கை நீட்டிக் குளிரைப் பார்த்துக்கொண்டாள். பூவராகவன் முதல்முறையாக அவள் வீட்டுப் படியேறி, கட்டிலின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினார். ஆறு வருஷம் பக்கத்திலேயே இருந்த வீட்டுக்கு, காலியாகிற நாளில் போனோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

சனிக்கிழமை வாசலில் கார் நின்றது. தேவேந்திரன் கையில் ரோஜா மாலையோடும், பின்னால் ஒரு புகைப்படக்காரரோடும் இறங்கினார்.

"மகிழ்ச்சி வாரத்தோட கடைசி நாள் சார். ஆறுதல் வருகை. இறந்தவருக்கு மாலை போட்டு ஒரு படம் எடுத்து சிஸ்டத்துல ஏத்தணும்."

வெயிலில் வந்தவருக்கு ஞானம்பாள் தண்ணீர் கொடுத்தாள். தேவேந்திரன் ஒரே மூச்சில் குடித்தார். "ஆகா, என்ன சில்லுனு இருக்கு! எந்தக் கம்பெனி பிரிட்ஜ்மா?" என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திருக்கும்போதே உறுமல் சத்தத்தைக் கேட்டார். பின்பக்கம் போய்ப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"ஸ்டிக்கர் கிழிஞ்சிருக்கு! யார் கிழிச்சது? வியாழக்கிழமை இங்க வந்தது தங்கராசு. அவனா?"

ஞானம்பாளின் கை முந்தானையைப் பிடித்துக்கொண்டது. பூவராகவன் பொய் சொல்லிப் பழகாதவர். நல்லவேளையாக, சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"கிழிச்சது நான்தான் சார். பூவராகவன். எழுதிக்குங்க."

"பிரிட்ஜை யார் சரி பண்ணது?"

"தண்ணி குடிக்க வந்த ஒருத்தரு."

"எங்க ஆளா?"

"உங்க ஆளுங்க யாரும் பிரிட்ஜத் தொடறதில்லன்னு நீங்கதான சார் சொன்னீங்க? கேடயங்கூடக் காட்னீங்க."

கேடயத்தை விட்டுக்கொடுக்கத் தேவேந்திரனுக்கு மனம் வரவில்லை. சரி, கிழித்தவர் மீதாவது நடவடிக்கை எடுப்போம் என்று டேப்லட்டில் பூவராகவன் என்று அடித்தார். திரையில் சிவப்பு எழுத்து வந்தது: இறந்தவர் மீது நடவடிக்கை எடுக்க இயலாது. ஞானம்பாள் என்று அடித்தார். இவருக்கும் இந்தப் பொருளுக்கும் தொடர்பு இல்லை என்றது. அவர் மூன்று முறை முயன்றார். செத்தவர் ஸ்டிக்கரைக் கிழித்தால் என்ன செய்வது என்று பனிமலர் கம்பெனியில் யாரும் எழுதி வைக்கவில்லை.

"பிரச்சினை இல்லை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "படத்தை எடுத்துட்டுப் போயிடறேன். வாங்க சார், மாலை போட்டுக்குங்க."

"எம் புருசன் கழுத்துல அத எவன் போடறான்னு பாக்கறேன்" என்றாள் ஞானம்பாள்.

மாலையைத் திருப்பி எடுத்துப் போக விதியில் இடமில்லை. கடைசியில் பூவராகவன்தான் ஒரு வழி சொன்னார். ரோஜா மாலை பிரிட்ஜின் மேல் ஏறியது. தேவேந்திரன் அதன் அருகில் கைகட்டித் தலைகுனிந்து நின்றார். படம் எடுக்கப்பட்டது. புகார் முடிந்தது என்றும், குடும்பத்தார் மகிழ்ச்சியாக உள்ளனர் என்றும் அவர் பதிவு செய்தார். அன்று அந்தக் கம்பெனி எழுதியதில் இந்த இரண்டாவது வரி உண்மை.

தங்கராசுவின் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. பூவராகவன் இன்றுவரை பனிமலர் ஏட்டில் இறந்தவர்தான். அதை மாற்ற அவர் முயலவில்லை. ஒவ்வொரு சித்திரையிலும் அந்த நாளில், காலை பத்தே காலுக்கு நினைவஞ்சலிச் செய்தி தவறாமல் வருகிறது.

வந்ததும் ஞானம்பாள் பாயசம் வைக்கிறாள். தனக்கு மட்டும் சர்க்கரை போடாமல் கொஞ்சம் தனியே எடுத்துக்கொள்கிறாள். பூவராகவன் ஒரு தூக்கு நிறைய எடுத்துக்கொண்டு மேல்மலையனூர் பஸ் ஏறி, மீனம்பாள் வீட்டுக்குள் போய் உட்கார்ந்து, அவர்கள் கொடுக்கும் காப்பியைக் குடித்துவிட்டு வருகிறார். இன்னொரு கிண்ணம் பிரிட்ஜின் நடுத்தட்டில், இன்சுலின் குப்பிகளுக்குப் பக்கத்தில், மூடி போட்டு இருக்கிறது. கட்டம் போட்ட சட்டையில் யாராவது தண்ணீர் குடிக்க வந்தால் கொடுப்பதற்கு.